கழனித் தண்ணீர்

அந்தக் கல்லில் உட்காராதீர்கள், ஈரம். இந்த நாற்காலியை எடுத்துக்கொள்ளுங்கள். எனக்குப் பரவாயில்லை, வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொள்வேன். என்னை மஸ்கட் அக்கா என்றே கூப்பிடலாம், இங்கே எல்லோரும் அப்படித்தான். குணவதி என்று ஒரு பெயர் இருக்கிறது, ஆதார் கார்டில்.

உங்கள் குடியிருப்பிலும் இதுபோல ஒரு தோட்டம் போடப் போகிறீர்கள், அதற்கு முன்னால் இதைப் பார்த்துவிட்டு வரச் சொன்னார்கள் என்றீர்கள். பாருங்கள் அம்மா. நன்றாகப் பாருங்கள். பி பிளாக்குக்கும் சி பிளாக்குக்கும் நடுவில் இருக்கிற இந்த இடம் முன்பு குப்பைமேடு. மாடியிலிருந்து பையைக் கட்டித் தூக்கிப் போடுவார்கள். பை பாதி வழியில் பிரிந்து, கீழே துணி காயப்போடுகிறவள் தலையில் மீன் செதில் விழும். இப்போது கீரை, வெண்டை, கத்தரி, அந்த ஓரத்தில் அவரைப் பந்தல். கேட்ட வீட்டுக்கெல்லாம் ஆளுக்கொரு பாத்தி. ஒரு நிறுவனத்துக்காரர்கள் செம்மண்ணும் விதையும் கொடுத்தார்கள், படம் எடுத்தார்கள், போனார்கள். அதற்குப் பிறகு எல்லாம் நான்தான். பெருமைக்குச் சொல்லவில்லை. யாராவது ஒருத்தர் செய்ய வேண்டும், இல்லையா.

ஆனால் இப்போது என்னைக் கேட்டால், தோட்டம் போடுங்கள், போடாதீர்கள், எனக்கு இரண்டும் ஒன்றுதான். கோபம் என்று நினைக்காதீர்கள். கோபமெல்லாம் ஒன்றும் இல்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் வேறு யார் கன்னத்தையோ தொடுகிற மாதிரி இருக்குமே, அந்த மாதிரி.

மஸ்கட்டுக்கு நான் போகும்போது எங்கள் வீடு ஆற்றங்கரையில் இருந்தது. அங்கே ஒரே வீட்டில் வேலை, காலம் போனதே தெரியவில்லை. என் வீட்டுக்காரர் இங்கே காலமானது அப்போதுதான். போன் வந்தது. அன்றைக்கு மேடம் வீட்டில் விருந்து. பரிமாறி முடித்துவிட்டு அழலாம் என்று இருந்தேன், பிறகு மறந்துவிட்டது. திரும்பி வந்தபோது ஆற்றங்கரை வீடெல்லாம் இடித்து, எல்லோரையும் இங்கே ஹவுசிங் போர்டில் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். ஏர்போர்ட்டில் ஆட்டோக்காரர் எங்கேம்மா போகணும் என்று கேட்கிறார், எனக்கே தெரியவில்லை. பையனுக்குப் போன் போட்டு அவரிடம் கொடுத்தேன். பையனும் இப்போது ஓசூரில். சரி, அதை விடுங்கள்.

தண்ணீரைப் பற்றிச் சொல்கிறேன், உங்களுக்கும் அதுதான் தலைவலியாக இருக்கும். இங்கே போர் தண்ணீர் உப்பு. ஊற்றினால் இலை ஓரம் கருகிவிடும். லாரித் தண்ணீர் குடிக்கவும் சமைக்கவுமே காணாது. அப்போது நான்தான் சொன்னேன். எல்லார் வீட்டிலும் அரிசி களைகிறோம், அந்தக் கழனித் தண்ணீரை எதற்கு சிங்க்கில் கொட்ட வேண்டும்? வாளியில் பிடித்துக் கொண்டுவந்து அவரவர் பாத்திக்கு ஊற்றுங்கள். மண்ணுக்கும் சத்து. பாத்திரம் கழுவின தண்ணீர் வேண்டாம், சோப்பு இருக்கும். கழனித் தண்ணீர் மட்டும். அதுதான் விதி என்றேன். காலையில் நீங்கள் பார்த்திருக்க வேண்டும். படியில் வாளி வாளியாக வெள்ளைத் தண்ணீர் இறங்கி வரும், பால்காரர் வீட்டுக் கல்யாணம் மாதிரி.

அதில் இன்னொரு வசதியும் இருந்தது. நான் திட்டம் போட்டுச் செய்ததில்லை, தானாக அமைந்தது. வாளியைப் பார்த்தால் வீடு தெரியும். கெட்டியாக, நிறைய இருந்தால் விருந்தாளி வந்திருக்கிறார்கள். பழுப்பாகக் கலங்கியிருந்தால் ரேஷன் அரிசி. வாளியே வரவில்லை என்றால் அந்த வீட்டில் இன்றைக்கு அடுப்பு எரியவில்லை. யாரையும் ஒரு வார்த்தை கேட்க வேண்டாம். மஸ்கட்டில் நான் பழகினது அப்படி. அந்த வீட்டு மேடத்தின் முகத்தை நிமிர்ந்து பார்க்கக் கூடாது. சாப்பிட்டு வைத்த தட்டைப் பார்த்தே வீட்டு நிலவரத்தைத் தெரிந்துகொள்வேன். சோற்றைப் பிசைந்து அப்படியே விட்டிருந்தால் சண்டை. எலும்பு சுத்தமாக இருந்தால் சமாதானம். பாத்திரம் பொய் சொல்லாது.

அடுப்பு எரியாத வீடு என்று தெரிந்தால் நான் சும்மா இருப்பேனா? பொதுப் பாத்தியிலிருந்து ஒரு கட்டுக் கீரை, என் வீட்டிலிருந்து ஒரு சொம்பு அரிசி. சகாயமேரியிடம் கொடுத்து அனுப்புவேன். சகாயமேரி பி பிளாக் கீழ்வீடு, இட்லிக் கடை போடுகிறவள், வாய் கொஞ்சம் பெரிசு. “இந்தாடி, மஸ்கட் அக்கா குடுத்தாங்க!” என்று மாடிக்கெல்லாம் கேட்கிற மாதிரி சொல்லித்தான் கொடுப்பாள். அதனால் என்ன? நல்லதுதானே செய்கிறோம். ஒளித்துச் செய்ய அது என்ன திருட்டா?

இப்போது அமுலு கதைக்கு வருகிறேன். சி பிளாக், மூன்றாம் மாடி. உங்களைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும். இரண்டு பெண் பிள்ளைகள். புருஷன் ஆந்திரா பக்கம் லோடு ஏற்றப் போகிறேன் என்று போனான், போனவன் போனவன்தான். ரேஷன் கார்டு மாமியார் பெயரில், மாமியாரிடமே இருந்தது. தனிக் கார்டுக்கு இவள் அலைந்துகொண்டிருந்தாள். பக்கத்து அபார்ட்மெண்டில் வீட்டு வேலை. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்திலேயே காலையில் உப்புமா, மத்தியானம் சோறு. இவளும் வேலை செய்கிற வீட்டில் எதையாவது சாப்பிட்டுவிடுவாள். ராத்திரிக்கு மட்டும்தான் உலை. எப்படியோ ஓடிக்கொண்டிருந்தது.

அவள் பாத்திதான் தோட்டத்திலேயே அழகு. முழுக்கச் சிறுகீரை, தலை வாரிவிட்ட மாதிரி இருக்கும். பேச்சும் அப்படி. என்னைப் பார்த்தாலே ஆரம்பித்துவிடுவாள். “இன்னாக்கா, மஸ்கட்ல ஒட்டகத்துக்கும் இப்டித்தான் ஆர்டர் போட்டியா?”

“ஒட்டகம் சொன்னா கேக்கும்டி.”

“கேட்டு என்னா பிரயோஜனம், அது கீரையில்ல தின்னுட்டுப் போவும்!”

எனக்கும் சிரிப்பு வரும், அப்போதெல்லாம்.

ஏப்ரல் கடைசியில் ஒரு நாள் அவள் வாளி வரவில்லை. மறுநாளும் வரவில்லை. சகாயமேரியிடம் சொம்பு அரிசியைக் கொடுத்து அனுப்பினேன். வாங்கிக்கொண்டாளாம். அதற்குப் பிறகு பாருங்கள், வாளி தவறவே இல்லை. காலையில் ஒரு வாளி, சாயங்காலம் ஒரு வாளி. விளிம்பு வரைக்கும், நல்ல வெள்ளையாக. பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டாயிற்று, அவள் வேலை செய்கிற வீட்டுக்காரர்கள் ஊட்டி, கொடைக்கானல் என்று வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார்கள், அப்போதும் வாளி குறையவில்லை. கூடத்தான் செய்தது. எனக்கு நிஜமாகவே சந்தோஷம். ஒரு சொம்பு அரிசியில் ஒரு குடும்பம் நிமிர்ந்துவிட்டதே என்று. தோட்டத்து மீட்டிங்கில் எல்லோர் முன்னாலும் சொல்லவும் செய்தேன், அமுலுவைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்று. தலையைக் குனிந்துகொண்டாள். வெட்கப்படுகிறாள் என்று நினைத்தேன்.

ஆனால் பாத்தி சரியில்லை. கீரை மஞ்சளடித்தது. மண் மேல் வெள்ளையாக ஒரு ஏடு படிந்தது, விரலால் தட்டினால் ஓடு மாதிரி உடைகிறது. கேட்டால் வெயில் என்றாள். வெயில் எல்லாப் பாத்திக்கும்தானே அடிக்கிறது?

ஒரு நாள் காலையில் வாளியோடு வந்தவளை நிறுத்திப் பேச்சுக் கொடுத்தேன். சின்னவளுக்கு உடம்பு முடியவில்லை என்றார்களே, எப்படி இருக்கிறாள்? மாமியார் ஏதாவது வழிக்கு வந்தாளா? “வர்றேன்க்கா, வேலை கெடக்குது” என்றாள். இருடி, என்ன அவசரம் என்றேன். பேசிக்கொண்டே வாளியையே பார்த்துக்கொண்டிருந்தேன். கழனித் தண்ணீர் லேசில் தெளியாது, உங்களுக்குத் தெரிந்திருக்கும், கலங்கியே நிற்கும். இது பார்த்துக்கொண்டிருக்கும்போதே தெளிந்தது. மேலே கண்ணாடி மாதிரி தண்ணீர், அடியில் வெள்ளையாக வண்டல். கையை விட்டு அள்ளினேன். கோலமாவு! வாசலில் கோலம் போடுகிற கல்மாவு அம்மா. அதைத் தண்ணீரில் கலக்கிக் கலக்கி, அரிசி களைந்த தண்ணீர் என்று இத்தனை நாளும் கொண்டுவந்திருக்கிறாள்.

எனக்கு எப்படி இருக்கும், சொல்லுங்கள். லாரியில் வந்த செம்மண். அதில் கல்மாவைக் கொட்டிக் கெட்டிப்படுத்தினால்? சத்தம் போட்டேன். யார்தான் போட மாட்டார்கள். எல்லோரும் வாளியைக் கீழே வைத்துவிட்டு நின்றார்கள். “என்னாடி இது, மண்ணுக்கு வெள்ளையடிக்கிறியா?” என்றேன். சகாயமேரி பக்கென்று சிரித்துவிட்டாள். மேல் மண்ணைச் சுரண்டி எடு, இப்போதே எடு என்றேன். அமுலு உட்கார்ந்து சுரண்டினாள். பெரிய பெண் மாடியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு இறங்கி வந்தது. “நீ மேல போடீ” என்று ஒரு அதட்டு. அந்த ஒரு வார்த்தைதான் பேசினாள். சுரண்டினதை இரும்புச் சட்டியில் அள்ளி அள்ளி அந்த மூலையில் கொட்டினாள். எல்லோரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். சகாயமேரியின் சிரிப்புகூட எப்போது நின்றது என்று தெரியவில்லை.

அதற்குப் பிறகும் நான் அவளைக் கைவிடவில்லை. அதுதான் யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னேன். “பாத்திய நான் புடுங்கப் போறதில்ல. வீட்டுக்கு ஒரு பிடி அரிசி எல்லாரும் அமுலுவுக்குப் போடுங்க. தெனமும் அவ அதைக் களைஞ்சு, ஒழுங்கா கழனித் தண்ணி கொண்டாரட்டும்.” இதைவிட நியாயமாக ஒருத்தர் என்ன சொல்ல முடியும்?

அவள் எழுந்து நின்று கையைத் தட்டிக்கொண்டாள். சுரண்டின களைக்கொத்தை என் காலடியில் வைத்தாள். எறியவில்லை, வைத்தாள்.

“உனுக்கு என் பாத்திக்குத் தண்ணி வேணுமாக்கா, இல்ல என் அடுப்புக்குக் கணக்கு வேணுமா?”

“ஏண்டி, நல்லதுக்குத்தானே சொல்றேன்.”

“பாத்திய நீயே வெச்சுக்க.”

“அப்ப புள்ளைங்களுக்குக் கீரை?”

கரிசனமாகத்தான் கேட்டேன். திரும்பிப் பார்க்காமல் படியேறிப் போய்விட்டாள்.

பள்ளிக்கூடம் திறக்கிற வரைக்கும் அந்தப் பாத்திதான் பிள்ளைகளுக்கு ஆதாரம் என்று சகாயமேரி அப்புறம் சொன்னாள். கீரையை வேகவைத்து, உப்புப் போட்டு, அந்தத் தண்ணீரோடு குடித்திருக்கிறார்கள், மூன்று பேரும். பாத்தியும் போனால் அதுவும் இல்லை. “உனக்கு எப்படிடீ தெரியும்?” என்றேன். “மாடியேறிப் போய்க் கேட்டேன்க்கா, சொன்னா” என்றாள். பாருங்கள். என்னிடம் முன்னாலேயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்குமா?

மறுநாள் காலை முதலில் வந்தவள் தில்ஷாத். பி பிளாக் இரண்டாம் மாடி, தையல் தைக்கிறாள், வம்புதும்புக்குப் போகாதவள். வாளியில் வெறும் தண்ணீர். அடி தெரிகிறது.

“என்ன தில்ஷாத், கழனித் தண்ணி எங்க?”

“சிங்க்குல ஊத்திட்டேன்க்கா.”

“அப்ப இது லாரித் தண்ணியா?”

“ஆமாக்கா. சமைக்கிறதுல ஒரு சொம்பு கொறைச்சுக்கிட்டேன்.”

சாதாரணமாகச் சொல்லிவிட்டு, ஊற்றிவிட்டுப் போய்விட்டாள். அடுத்தது சகாயமேரி. ஊரில் யார் வீட்டில் உலை வைக்காவிட்டாலும் அரிசி ஊறப்போடுகிற வீடு அது. இட்லிக்கடை இல்லையா. அவள் வாளியிலும் வெறும் தண்ணீர்.

“உனக்கு என்னடி வந்துது?”

“முட்டி வலிக்கா.”

“முட்டி வலிக்கும் கழனித் தண்ணிக்கும் என்னாடி சம்பந்தம்?”

“அதான்க்கா எனக்கும் புரியல.”

கொஞ்ச நாளில் எல்லோரும் அப்படி ஆகிவிட்டார்கள். குடிக்கிற தண்ணீரைக் கொண்டுவந்து மண்ணில் கொட்டுகிறார்கள், நல்ல கழனித் தண்ணீர் கீழே சாக்கடையில் வெள்ளையாக ஓடுகிறது. நான் நின்று பார்த்திருக்கிறேன். எல்லா வீட்டுத் தண்ணீரும் ஒன்றாகக் கலந்து போகிறது. இது யார் வீட்டுது, யார் வீட்டிலிருந்து வரவில்லை, ஒன்றும் சொல்ல முடியாது. சோம்பேறித்தனம், வேறென்ன. நான் கொஞ்சம் கையை இளக்கினேன், எல்லாம் கெட்டது.

அதோடு போயிற்றா? அமுலு பாத்தியைச் சும்மா போட்டு வைத்திருந்தேன். யாரோ விதை தூவியிருக்கிறார்கள். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் வாளியில் மிச்சம் இருக்கிறதை அதில் சாய்த்துவிட்டுப் போகிறார்கள். நல்ல மண்தானே, கீரை வந்தது. அறுக்கிற பக்குவத்தில் ஒரு நாள் வந்து பார்க்கிறேன், பாதிக் கீரை காணோம். இந்தத் தோட்டத்தில் முதல் திருட்டு அம்மா. யாரைக் கேட்டாலும் தெரியாது என்கிறார்கள். “எலியா இருக்கும்க்கா” என்கிறாள் சகாயமேரி. எலி கத்தி வைத்து வரிசையாக அறுத்து, கட்டுக் கட்டித் தூக்கிக்கொண்டு மாடியேறிப் போகுமா? படியெல்லாம் மண் சிந்தியிருந்தது. மூன்றாம் மாடி வரைக்கும் சிந்தியிருந்தது. அங்கே அமுலு இருக்கிறாள், பக்கத்து வீடு பூட்டிக் கிடக்கிறது. அதற்கு மேல் யார் வீட்டில் போய் நான் தேடுவது?

போன மீட்டிங்கில் வைத்துக் கேட்டேவிட்டேன். “அமுலு பாத்தி காலியாக் கெடக்குது. யாருக்குக் குடுக்கலாம், சொல்லுங்க.”

“எந்தப் பாத்திக்கா?” என்றாள் தில்ஷாத்.

கையைக் காட்டினேன்.

“அதுலதான் கீரை இருக்கே. காலின்றீங்க?”

“ஆள் இல்லையே!”

“ஆள வெச்சு என்னாக்கா கொழம்பா வெக்கறது?” என்று ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிப்பு அடங்கட்டும் என்று இருந்தேன். அடங்கியதும் பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். மரியாதையெல்லாம் குறைவில்லை. வர்றேன்க்கா, வர்றேன்க்கா என்று ஒவ்வொருத்தரும் சொல்லிக்கொண்டுதான் போனார்கள். நாற்காலியை நான் மடக்கி வைத்தேன்.

என்ன கேட்டீர்கள்? கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள், மோட்டார் ஓடுகிறது.

சாப்பிட்டியா என்று அவளை நான் கேட்டேனா என்றா?

அதை எப்படி அம்மா வாய்விட்டுக் கேட்பது? வழியில் பார்த்தால் எல்லோரும் கேட்கிற சாப்ட்டியா வேறு. அது வணக்கம் மாதிரி, பதில் வேண்டியதில்லை. நிஜமாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஒரு வீட்டைப் பார்த்துக் கேட்பது வேறு. அவளுக்கு எவ்வளவு சங்கடம். ஒரு மரியாதை வேண்டாமா? அதற்குத்தானே வாளி.

நீங்களும் முதல் நாளே விதி போட்டுவிடுங்கள், கழனித் தண்ணீர் மட்டும்தான் என்று. நடுவில் மாற்ற விடாதீர்கள். அப்போதுதான் உங்களுக்கு யார் எப்படி இருக்கிறார்கள் என்று தெரியும். இப்போது இங்கே நான் ஒவ்வொரு வாளியாகப் பார்க்கிறேன். எல்லாம் ஒரே மாதிரி. என் வாளி ஒன்றுதான் வெள்ளை. நேரம் வந்தால் அரிசி களைந்துவிடுகிறேன். பொங்குவதும் பொங்காததும் அப்புறம்.

அதோ படியிறங்குகிறாளே, சிவப்பு நைட்டி மேல் துண்டு போட்டுக்கொண்டு, அவள்தான் அமுலு. அந்த மீட்டிங்குக்கு மறுநாளிலிருந்து தினமும் வருகிறாள். பாத்தியை நான் திருப்பிக் கொடுக்கவில்லை, அவளும் கேட்கவில்லை. வருகிறாள், ஊற்றுகிறாள், களை எடுக்கிறாள், போகிறாள். வாளியைப் பாருங்கள். ஏதாவது தெரிகிறதா உங்களுக்கு? எனக்கும் தெரியவில்லை.

உங்களிடம்தான் வருகிறாள். உங்களைத்தான் கேட்கிறாள், பதில் சொல்லுங்கள். சாப்ட்டியாம்மா என்கிறாள்.

ஐயோ, இல்லை என்று சொல்லிவிட்டீர்களே. அப்படியெல்லாம் பட்டென்று சொல்லக் கூடாது. இனி விடமாட்டாள். கையைப் பிடித்துவிட்டாள் பாருங்கள். போங்கள், போய்விட்டு வாருங்கள், நான் இங்கேதான் இருப்பேன். பையை வைத்துவிட்டுப் போங்கள், யாரும் எடுக்க மாட்டார்கள்.

என்னைக் கூப்பிடவில்லை, கவனித்தீர்களா? பரவாயில்லை. கூப்பிட்டால் பசிக்கவில்லை என்றுதான் சொல்லியிருப்பேன். பசிக்கிறதா இல்லையா என்று யோசித்துத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது இப்போதெல்லாம்.

நில்லுங்கள், ஒரு நிமிஷம். கீரை கடைந்திருந்தால், எந்தப் பாத்தியில் பறித்தது என்று மட்டும் கேட்டு வந்து எனக்குச் சொல்லுங்கள். நீங்கள் கேட்டால் சொல்லுவாள்.